பதினைந்தா, நாற்பதா?

பாகான் டத்தோவில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் மூன்று வாரங்களாக இரண்டு எண்களைப் பற்றியே பேச்சு. மாமா 15 என்றார். மருமகன் 40 என்றான். இருவரும் சொன்னது படகின் பின்புறத்தில் மாட்டும் மோட்டாரின் குதிரைத்திறனை.

மாமா முப்பது ஆண்டுகள் தென்னந்தோட்டத்தில் வேலை பார்த்தவர். 55 வயதானதும் ஊழியர் சேமநிதியில் இருந்த பணத்தை எடுத்தார். அதில் ஒரு பகுதியைக் கொடுத்து, யாரோ பயன்படுத்திய 16 அடிக் கண்ணாடியிழைப் படகு ஒன்றை வாங்கினார். அதோடு 8 குதிரைத்திறன் கொண்ட பழைய மோட்டார் ஒன்றும் வந்தது. பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் முகத்துவாரத்தில் வலை போடுவார். கொடுவா, கெளுத்தி, இறால் என்று கிடைத்ததைக் கொண்டுவந்து விற்பார். பெரிய வருமானம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மாதக் கடைசியில் கடன் வாங்காமல் வீடு நடந்தது. தங்கையின் மகன் பள்ளி விடுமுறைகளில் அவருக்குத் துணையாகப் போவான். எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் முழுநேரமாகவே படகில் ஏறிவிட ஆசைப்பட்டான்.

அவனுடைய அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. அதற்குக் காரணம், அதற்கு முந்திய ஆகஸ்டு மாதத்தில் ஒரு காலைப்பொழுது.

அன்று இருவரும் ஜெட்டியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பொழுது இன்னும் நன்றாக விடியவில்லை. மேற்கு வானத்தில் கறுப்புக் கோடு போல ஒரு மேகம் எழுந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்திராத் தீவின் மேல் இரவில் உருவாகி, விடியற்காலையில் நீரிணையைக் கடந்து வரும் புயல்மேகம் அது. இங்குள்ளவர்கள் அந்தக் காற்றுக்கே ‘சுமத்திரா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும். அந்த ஓரிரு மணி நேரத்தைக் கரையில் இருப்பவர் மழை என்பார். சிறு படகில் இருப்பவருக்கு அதைச் சொல்ல வேறு சொல் வேண்டும்.

மாமா வலையை அவசரமாக இழுத்துப் போட்டுவிட்டு மோட்டாரை முடுக்கினார். அப்போது ஆற்றில் நீர் வடிந்துகொண்டிருந்தது. நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வடியும் நீர், வடியும் நேரத்தில் ஆற்றின் ஓட்டத்தோடு சேர்ந்து கடலை நோக்கிப் பாயும். வழக்கமாக அரை மணி நேரத்தில் வீடு திரும்பும் படகு அன்று கரை சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலானது. வழியெல்லாம் மருமகன் வாளியால் நீரை இறைத்துக்கொண்டே வந்தான். ஜெட்டியில் அவனுடைய அம்மா மழையில் நனைந்தபடி நின்றிருந்தார். “இனி என் பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப் போகாதீங்க அண்ணே” என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

அந்த 8 குதிரைத்திறன் மோட்டார் பழுதாகவில்லை. கடைசிவரை ஒழுங்காகவே ஓடியது. பிறகு ஏன் படகு நகரவில்லை?

இதைப் புரிந்துகொள்ள, படகு நீரில் எப்படிப் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மெதுவாகப் போகும் படகு நீரை விலக்கிக்கொண்டு போகிறது. முன்னால் ஓர் அலையை எழுப்பும். பின்னால் ஓர் அலையை விடும். வேகம் கூடக்கூட அந்த இரண்டு அலைகளுக்கும் இடையிலான தூரம் நீளும். ஒரு கட்டத்தில் அந்தத் தூரம் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால், படகு தானே எழுப்பிய அலையின் மீது ஏற வேண்டும். ஏறும் அளவுக்கு உந்துவிசை இல்லாவிட்டால் அணியம் மேலே தூக்கும், அமரம் கீழே அமிழும், மோட்டார் கத்தும், வேகம் மட்டும் கூடாது. அணியம் என்பது படகின் முன்பகுதி, அமரம் பின்பகுதி. மீனவர்களிடம் இன்றும் வழங்கும் பழைய தமிழ்ச் சொற்கள் இவை.

இந்த எல்லை வேகத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு. நீரைத் தொடும் பகுதியின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், கடல்மைல் கணக்கில் மணிக்கு எவ்வளவு என்பது கிடைக்கும். 16 அடிக்கு வர்க்கமூலம் 4. ஆகவே 5.36 கடல்மைல், அதாவது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். மாமாவின் படகு 8 குதிரைத்திறனில் அவ்வளவுதான் போகும். எதிரே வடியும் நீர் மணிக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 4 கிலோமீட்டர். நடந்து போவதைவிடக் குறைவு. காற்றும் அலையும் எதிராக வந்தால் அதுவும் தேயும். அந்தக் காலை நடந்தது இதுதான்.

போதிய உந்துவிசை இருந்தால் கதை மாறும். படகு தன் அலையைத் தாண்டி ஏறி, நீரின் மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கும். கைக்கு அகலமான பலகை ஒன்றை நீரில் சற்றுச் சாய்வாகப் பிடித்து வேகமாக இழுத்தால் அது மேலே எழும்பப் பார்க்கும் அல்லவா, அது போல. அப்படி ஏறிவிட்ட படகுக்கு நீரின் தடை குறைவு. 10-ஐத் தாண்ட முடியாமல் திணறிய அதே படகு 25-இல், 30-இல் ஓடும். ஆனால் எல்லாப் படகும் இப்படி ஏறாது. அடிப்பகுதி உருண்டையாக, பின்புறம் குறுகலாகச் செய்த மரப்படகில் எவ்வளவு பெரிய மோட்டாரை மாட்டினாலும் எரிபொருள்தான் வீணாகும். மாமாவின் படகு அடிப்பகுதி ஓரளவு தட்டையாக, பின்பலகை அகலமாக இருந்ததால் ஏறக்கூடியது. எட்டு மட்டும் போதவில்லை.

இந்த வகை மோட்டாரின் தொடக்கமே விரைவாகத் திரும்பி வர வேண்டும் என்ற ஆசையில்தான் என்று ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நார்வேயிலிருந்து குடியேறிய ஓலே எவின்ரூடு என்பவர் ஓர் ஏரியில் உலாப் போயிருந்தார். உடன் வந்த பெண்ணுக்காக ஐஸ்கிரீம் வாங்க அக்கரைக்குத் துடுப்புப் போட்டுப் போனார். திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டது. படகின் பின்னால் மாட்டிக் கழற்றும் மோட்டார் என்ற எண்ணம் அங்கே பிறந்தது என்பார்கள். அது எவ்வளவு உண்மையோ, 1909-இல் அவர் செய்த மோட்டார் உண்மை. அதன் திறன் வெறும் 1.5 குதிரைத்திறன், எடை சுமார் 28 கிலோ. இன்று அதே எடையில் 8 குதிரைத்திறன் மோட்டாரே கிடைக்கிறது. மாமாவின் பழைய மோட்டார் அப்படிப்பட்டதுதான்.

இனி அந்த வீட்டு வழக்குக்கு வருவோம். “விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்” என்பது மாமாவின் பேச்சு. எட்டை 15 ஆக்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கு மேல் எதற்கு என்று கேட்டார். மருமகன் இளைஞன். ஜெட்டியில் 40 போட்ட படகுகள் அணியத்தைத் தூக்கிக்கொண்டு பறப்பதைத் தினமும் பார்க்கிறவன். “பெருசா வாங்கிட்டா பயமே இல்ல மாமா. வேணும்னா மெதுவா ஓட்டிக்கலாம்” என்றான். அவன் பேச்சிலும் ஒரு நியாயம் இருந்தது. அந்த மழை நாளில் வாளி பிடித்தவன் அவன்தான்.

இருவரும் ஒரு நாள் மோட்டார் பழுதுபார்க்கும் சீனப் பெரியவரின் கடைக்குப் போனார்கள். மாமா அவரைத் ‘தவுக்கே’ என்பார். அவர் மாமாவை ‘அண்ணே’ என்பார். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும். கடையில் 15-ம் இருந்தது, 25-ம் இருந்தது, 40-ம் இருந்தது. விற்க நினைக்கிறவர் பெரியதைக் காட்டுவார். இவர் எதையும் காட்டவில்லை. “படகில் என்னென்ன ஏத்துவீங்க? சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, நாள்காட்டியில் கிழித்த தாளைத் திருப்பி எழுதத் தொடங்கினார்.

வெறும் படகு 200 கிலோ. மோட்டார் 50 என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் இருவர், 140. 25 லிட்டர் பெட்ரோலும் கலமும் சேர்த்து 25. வலை காய்ந்திருந்தால் 30, நனைந்தால் 45. ஐஸும் மீனும், நல்ல நாளில், 90. எல்லாம் சேர்த்து 550 கிலோ. வீட்டில் இருக்கும்போது இருவருக்குமே வலை நனையும் என்பதும், மீன் கிடைத்தால் அதற்கும் எடை உண்டு என்பதும் தோன்றவில்லை. மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் பலர் செய்யும் பிழை இது. புறப்படும்போது இருக்கும் படகை மனத்தில் வைத்து வாங்குகிறார்கள்; திரும்பி வரும் படகு வேறு.

படகு நீரின்மேல் ஏறி ஓட வேண்டுமானால், ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் 11 முதல் 23 கிலோ வரை எடை இருக்கலாம் என்பது படகுக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 550-ஐ 15-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 36 கிலோவுக்கு மேல் வருகிறது. அந்தச் சுமையோடு 15 குதிரைத்திறன் மோட்டார் படகை ஏற்றிவிடாது. எட்டைவிடச் சற்றுப் பலமாகத் தள்ளும், அவ்வளவுதான். காசைக் கொடுத்தும் அதே 10 கிலோமீட்டர் வேகத்தைச் சுற்றியே நிற்க வேண்டும். தொடர்ந்து முழு முடுக்கில் ஓடுவதால் மோட்டாரும் விரைவில் தேயும். சிக்கனம் என்று மாமா நினைத்தது சிக்கனம் இல்லை. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் முகத்தில் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு அன்றிரவு அவனாகவே போட்ட ஒரு கணக்கில் அடங்கியது. அமெரிக்கக் கடலோரக் காவற்படை 20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு உச்ச அளவு ஒன்றை வகுத்திருக்கிறது. நம் நாட்டுச் சட்டம் இல்லை என்றாலும், அளவு பார்க்க உதவும் கணக்கு. படகின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடியில் பெருக்க வேண்டும். மாமாவின் படகுக்கு 16-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 72. அடிப்பகுதி முழுத் தட்டையாக இல்லாமல், கைப்பிடியைப் பிடித்துத் திருப்பும் மோட்டார் கொண்ட படகென்றால், அந்த எண்ணை 0.8-ஆல் பெருக்கி 25-ஐக் கழிக்க வேண்டும். 32.6 வரும். அடுத்த ஐந்தின் மடங்குக்கு உயர்த்தினால் 35. அதே நீள அகலத்தில் அடிப்பகுதி முழுத் தட்டையாக, ஓரம் கூர்மையாக மடிந்த படகென்றால் இன்னும் குறைவு, 0.5-ஆல் பெருக்கி 15-ஐக் கழித்து, உயர்த்தினால் 25. எப்படிப் பார்த்தாலும் 40 வரவில்லை. அவன் இரண்டு முறை பெருக்கிப் பார்த்தான்.

கணக்கை ஒப்புக்கொள்வது வேறு, மனம் ஒப்புக்கொள்வது வேறு. மறுநாள் தவுக்கே ஜெட்டிக்கே வந்தார். வரும்போது கடையிலிருந்து அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்தார்: பத்துக் கிலோ மூட்டை நான்கு, ஐந்து கிலோ மூட்டை ஒன்று. பழைய எட்டின் எடை 30 கிலோவுக்கும் குறைவு. 40 குதிரைத்திறன் மோட்டார் 70 கிலோவுக்கு மேல். நான்கு வீச்சு வகை என்றால் 90-ஐயும் தாண்டும். அந்த வித்தியாசம்தான் இந்த அரிசி என்றார். படகில் பெட்ரோலையும் நனைந்த வலையையும் ஏற்றச் சொன்னார். மாமா கைப்பிடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மருமகன் அவருக்கு முன்னால். பின்பலகையின் விளிம்புக்கும் நீருக்கும் இடையே ஆறு விரல் இடைவெளி இருந்தது. மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பின்புறம் வைத்ததும் நான்கு விரல் ஆனது.

“இப்ப காத்திருங்க” என்றார் தவுக்கே.

காத்திருந்தார்கள். சற்று நேரத்தில் இழுவைப் படகு ஒன்று ஆற்றைக் கடந்து போனது. அது எழுப்பிய அலை ஜெட்டியின் தூண்களில் மோதி, மாமாவின் படகுக்கு வந்தது. பெரிய அலை இல்லை. முழங்காலைக்கூட எட்டாது. அது பின்பலகையைத் தாண்டி உள்ளே வழிந்து மருமகனின் கால்களை நனைத்தது. அரிசி மூட்டை ஒன்றும் நனைந்தது. அவன் அந்த மூட்டையைத் தூக்கி ஜெட்டியில் வைத்தான். நாற்பதைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

பெரிய மோட்டாரில் எடை ஒரு பக்கத்துச் சங்கடம்தான். இன்னொன்று, அதன் முழு வேகத்தைத் தாங்கும்படி அந்தப் படகைக் கட்டவில்லை என்பது. பின்பலகையில் விரிசல் விழும். திடீரென்று திருப்பினால் படகு கவிழும் அளவுக்குச் சாயும். மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்பவர் எல்லா நாளும் மெதுவாக ஓட்டுவதில்லை. பெட்ரோல் கணக்கும் உண்டு. முழு முடுக்கில் 10 குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். 25-க்கு 10 லிட்டர். 40-க்கு 15, 16 லிட்டர். பெட்ரோலைக் கூடுதலாக எடுத்துப் போனால் அதுவும் எடைதான்.

கடைசியில் 25 என்று முடிவானது. 550-ஐ 25-ஆல் வகுத்தால் 22. எல்லைக்கு உள்ளேதான், ஆனால் விளிம்பில். “30 போட்டால் கொஞ்சம் தாராளமாக இருக்குமே” என்று மாமாவே கேட்டார். அது தவறான கேள்வி இல்லை. 35 என்ற உச்ச அளவுக்குள் 30 அடங்கும். 25-இல் நிறுத்தியதற்குக் காரணம் சூத்திரம் எதுவும் இல்லை. ஜெட்டியில் விட்ட மோட்டார்கள் திருடுபோவது உண்டு. அதனால் மாமா இரவில் மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். தவுக்கே கடையில் இருந்த இரண்டு வீச்சு 25-இன் எடை சுமார் 50 கிலோ. மாமாவும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் வரப்பில் நடந்து வீடு வரை கொண்டுபோகலாம். கடையிலேயே இருவரையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். அடுத்திருந்ததைத் தூக்கியபோது மாமாவின் இடுப்பு சம்மதிக்கவில்லை.

இரண்டு வீச்சு மோட்டார் எடை குறைந்தது, பிரித்துப் பார்க்க எளியது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். பொதுவாக 50 பங்குக்கு ஒரு பங்கு, அதாவது 25 லிட்டருக்கு அரை லிட்டர். நான்கு வீச்சு மோட்டார் பெட்ரோலை மிச்சப்படுத்தும். புகையும் சத்தமும் குறைவு. எடையும் விலையும் கூடுதல். இடுப்பு ஏற்கெனவே முடிவு சொல்லிவிட்டதால் இதில் விவாதம் நீளவில்லை. படகின் உரிமம் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் பெற்றது என்பதால், மாமா மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்த பிறகே பணத்தைக் கொடுத்தார்.

மோட்டார் வந்த அன்று ஒரு சிறு தடங்கல். கடைப் பையன் நீளத் தண்டு கொண்டதைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். மோட்டாரின் தண்டு பொதுவாக இரண்டு நீளங்களில் வரும்: 15 அங்குலப் பின்பலகைக்கு ஒன்று, 20 அங்குலத்துக்கு ஒன்று. குதிரைத்திறனைப் பற்றி மூன்று வாரம் பேசிய வீட்டில் ஒருவர்கூடப் பின்பலகையின் உயரத்தை அளந்து தவுக்கேயிடம் சொல்லவில்லை. உந்துவிசிறிக்குச் சற்று மேலே கிடையாக ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்க வேண்டும். தண்டு குட்டையானால் விசிறி காற்றை இழுத்துச் சும்மா சுழலும். நீளமானால் தண்டு நீரில் இழுபட்டு வேகத்தைத் தின்னும். முகத்துவாரத்துச் சேற்றிலும் இடிக்கும். மாமாவின் பின்பலகை 15 அங்குலம். வந்த மோட்டார் மறுநாள் திரும்பிப் போனது.

சரியான மோட்டாரை மாட்டி, முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்தார்கள். தவுக்கே சுழற்சிமானியைக் கையில் பிடித்தபடி அணியத்தில் உட்கார்ந்திருந்தார். முழு முடுக்கில் நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுழற்சி வர வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. 4700-க்கு மேல் ஏறவில்லை. படகும் அலையின்மேல் ஏற வெகுநேரம் எடுத்தது. மருமகனுக்கு முகம் வாடியது. 40 வாங்கியிருக்கலாமோ என்று நினைத்திருப்பான்.

தவுக்கே விசிறியை மாற்றினார். மிதிவண்டியில் மேடு ஏறும்போது பல்சக்கரத்தை மாற்றுவது போன்ற வேலைதான் இது. விசிறியில் இரண்டு அளவுகள் பொறித்திருக்கும். ஒன்று அதன் விட்டம். மற்றொன்று, அது ஒரு சுற்றுச் சுற்றினால் கணக்குப்படி எவ்வளவு தூரம் முன்னேறும் என்பது. இந்த இரண்டாம் அளவை ஓர் அங்குலம் குறைத்தால் சுழற்சி 150 முதல் 200 வரை கூடும். 13 இருந்த இடத்தில் 11 போட்டார். மறுபடி ஓட்டியபோது 5100 காட்டியது. மோட்டாரின் குரலே மாறிவிட்டது. இன்னொன்றும் செய்தார்: அமரத்தில் இருந்த பெட்ரோல் கலத்தையும் ஐஸ் பெட்டியையும் முன்னால் நகர்த்தச் சொன்னார். ஒரு காசு செலவில்லாத அந்த மாற்றத்தால் அணியம் தாழ்ந்தது; படகு விரைவாக ஏறியது. கைப்பேசியில் பார்த்தபோது வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஐஸும் மீனும் இல்லாதபோது 30-ஐத் தொட்டது.

மருமகனின் அம்மா இவ்வளவையும் வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். குதிரைத்திறன், சுழற்சி, அங்குலம் எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. அவர் கேட்டவை இரண்டே கேள்விகள். “அன்னைக்கு மாதிரி தண்ணி எதிர்த்து வந்தா, எவ்வளவு நேரத்துல வருவீங்க?” மகன் தாளில் எழுதிக் காட்டினான்: 25-இல் 6 போனால் 19, ஐந்து கிலோமீட்டருக்குப் பதினாறு நிமிடம். “காத்து அடிச்சா கூடும்மா. இருபது, இருபத்தஞ்சுன்னு வச்சுக்கோ.” அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டாவதைக் கேட்டார். “அவ்வளவு வேகத்துல போறப்ப மாமா தவறி விழுந்தா?”

அதற்கு மாமாதான் பதில் சொன்னார். மோட்டாரோடு வந்த சுருள்சுருளான சிவப்புக் கயிற்றை எடுத்துக் காட்டினார். ஒரு முனை மோட்டாரின் பொத்தானில். மறுமுனை ஓட்டுகிறவரின் மணிக்கட்டில். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும். மோட்டார் உடனே நிற்கும். ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து, விழுந்தவர்மேலேயே ஏறும் விபத்து இதனால் தடுக்கப்படுகிறது. ஜெட்டியில் பலர் அந்தக் கயிற்றை மோட்டாரிலேயே சுற்றி வைத்திருப்பார்கள், கையில் மாட்டுவதில்லை. மாமாவும் முன்பு அப்படித்தான். மருமகனின் அம்மா கயிற்றை வாங்கி, தம் கையில் மாட்டி இழுத்துப் பார்த்தார். இரண்டு உயிர்காப்பு அங்கிகளும் அன்றே வாங்கப்பட்டன.

அடுத்த தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் வந்தது. ஒரு விடியற்காலையில், முந்திய ஆண்டு நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே இருவரும் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையில் பாதிதான் ஏறியிருந்தது. மேற்கே கறுப்புக் கோடு தெரிந்தது. நீர் வடிந்துகொண்டிருந்தது. மருமகன் மாமாவின் முகத்தைப் பார்த்தான். இந்த மோட்டாருக்கு மீதி வலையையும் இழுத்துவிட்டுக் கிளம்ப நேரம் இருந்தது. இருவருக்கும் அது தெரியும். மாமா கத்தியை எடுத்து வலைக்கயிற்றை வெட்டி, முனையில் மிதவையைக் கட்டி விட்டார்.

“காத்து போன பிறகு வந்து எடுத்துக்கலாம் தம்பி. பெட்ரோலை முன்னால தள்ளு” என்றார்.

அவன் கலத்தை அணியத்துக்கு நகர்த்தினான். மாமா சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு மோட்டாரை முடுக்கினார். முதல் மழைத்துளி விழுந்தபோது படகு ஜெட்டியில் கட்டியாகிவிட்டது. மருமகனின் அம்மா குடையோடு வந்து நின்றார். மீன் எவ்வளவு என்று கேட்கவில்லை. மகன் மோட்டாரின் ஒரு பக்கத்தையும் மாமா மறுபக்கத்தையும் பிடித்துத் தூக்க, குடையை மோட்டாருக்கு மேலே பிடித்துக்கொண்டு அவர்களோடு வீட்டுக்கு நடந்தார்.